கடல் நடுவுல யாருங்க உளி புடிச்சது? செயின்ட் மேரீஸ் தீவு

வணக்கம் மக்களே. இன்னைக்கு இன்ட்ரோ, மியூசிக் எதுவும் கிடையாது. காலையில இருந்து கடுப்புல இருக்கேன். நேத்து ஒரு ஷார்ட்ஸ் போட்டேன்ல, கடலோரத்துல அறுகோணமா தூண் தூணா கல்லு நிக்குமே, அது. அதுக்குக் கீழ ஒருத்தர் வந்து, "அக்கா, இது இயற்கை இல்ல, பழைய கோட்டையோட அஸ்திவாரம், மறைக்கிறாங்க"ன்னு போட்டிருக்கார். அதுக்கு லைக்கு வேற! நான் பின் பண்ணி வச்ச விளக்கத்துக்கு விழுந்ததைவிட அதிகம். அதனால இந்த வீடியோ முழுக்க அந்தக் கல்லைப் பத்திதான்.

இடம் எதுன்னா, கர்நாடகாவுல உடுப்பி பக்கத்துல மால்பே. அங்க இருந்து கடலுக்குள்ள கொஞ்ச தூரத்துல செயின்ட் மேரீஸ் தீவுகள். முக்கியமா நாலு தீவு. எல்லாரும் போறது கோகனட் ஐலண்டுக்கு, அதாவது தென்னைமரம் இருக்குற தீவு. யாரும் குடியில்ல, ராத்திரி தங்க முடியாது. தீவுன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, வேகமா நடந்தா இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்குப் பத்து நிமிஷம் கூட ஆகாது. நான் நடக்கல, அது வேற கதை, வர்றேன்.

இருங்க, படகைச் சொல்லாம விட்டுட்டேன். மால்பேயில லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏத்துறாங்க, அரை மணி நேரத்துக்குள்ள கொண்டு போயிடுறாங்க. சரி. ஆனா அந்த ஸ்பீக்கர்! எதுக்குங்க கடல்ல டி.ஜே.? அலைச்சத்தம் கேக்கத்தானே காசு குடுத்து ஏறுறோம்? காதுக்குள்ள துணியைத் திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு பாட்டி என்னைப் பாத்து பாவமா சிரிச்சாங்க.

இறங்கினதும் முதல் சோதனை. போன மாசம் ஆசை ஆசையா அன்பாக்ஸ் பண்ணி காட்டினேனே, டிரெக்கிங் செருப்பு, "எந்தப் பாறைக்கும் தாங்கும்"னு டப்பாவிலேயே எழுதியிருந்துச்சே? பாறையில கால் வச்ச கொஞ்ச நேரத்துல இடது கால் அடிப்பாகம் பொளந்துக்கிச்சு. முழுசா கழண்டிருந்தாக்கூட தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். பாதி ஒட்டிக்கிட்டு பாதி தொங்குது, ஒவ்வொரு அடிக்கும் டப்பு டப்புன்னு சத்தம். வெறுங்கால்ல நடக்கலாம்னு பாத்தா, ஒரு பக்கம் கரையில மணலே கிடையாது, முழுக்க உடைஞ்ச சிப்பியும் சங்கும்தான். இன்னொரு பக்கம் வெயில்ல பழுத்த பாறை. கடைசியில அங்க விசில் ஊதிக்கிட்டு நின்ன லைஃப்கார்டு அண்ணன் பையில இருந்து தங்கூசி, அதான் மீன் பிடிக்குற நைலான் நரம்பு, எடுத்து, செருப்பைச் சுத்தி நாலு சுத்து சுத்தி, என்னமோ ஒரு முடிச்சு போட்டுக் குடுத்தார். அவர் பேசினது துளு, நான் பேசினது தமிழ், ஆனா ரெண்டு பேரும் செருப்பு கம்பெனியைத் திட்டினது நல்லாவே புரிஞ்சுது. அந்த முடிச்சு இன்னும் அவுரல. இங்க பாருங்க, இதோ, ஃபோகஸ் ஆகுதா? அவுரவே இல்ல.

சரி, கல்லு.

எட்டரை கோடியில இருந்து ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதை இது. அப்ப இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிட்டு இருந்துட்டு, பிரிய ஆரம்பிக்குற நேரம். அடியில இருந்து சூடு முட்டி, எரிமலைக் குழம்பு மேல வந்து பரவுது. அந்தச் சூட்டுக்கு மேரியன் ஹாட்ஸ்பாட்தான், அதாவது பூமிக்குள்ள ஆழத்துல இருந்து சூடு மேல வர்ற ஒரு இடம்தான் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இதே வயசுக்கிட்ட எரிமலைப் பாறை மடகாஸ்கர்லயும் கிடக்கு. நிறைய பேரு இதை மகாராஷ்டிரா பக்கத்து தக்காணப் பாறையோட சேத்துடுறாங்க. அது ஆறரை கோடி வருஷம்தான், இதைவிடச் சின்னப் புள்ள.

குழம்பு ஆறும்போது சுருங்குது. சுருங்கினா இழுபடும், இழுபட்டா வெடிக்கும். கோடையில வத்திப்போன ஏரியில சேறு பாளம் பாளமா வெடிச்சிருக்கும்ல, அதே மாதிரி. ஆனா சேத்துல மேலோட நின்னுடும், இங்க உள்ள ஆற ஆற வெடிப்பும் கூடவே உள்ள இறங்கிக்கிட்டே போகும். ஒரே சீரா ஆறுச்சுன்னா மூணு வெடிப்பு ஒரு புள்ளியில 120 டிகிரியில சந்திக்கும், அதான் இழுவையைக் கம்மியான வெடிப்புல தீத்துக்குற வழி. எல்லா மூலையும் 120 ஆனா அது அறுகோணம். மெதுவா ஆறினா தூண் தடிமன், வேகமா ஆறினா ஒல்லி. அவ்வளவுதான். உளியும் கிடையாது, ராஜாவும் கிடையாது.

ஆனா எல்லாமே அறுகோணம் இல்லங்க! இதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். என் இன்ச் டேப்பு பைய விட்டு வெளிய வந்துடுச்சு, பழைய ஆளுங்களுக்குத் தெரியும். மேல நின்னு பாத்தா தரையில கல்லு பாவின மாதிரிதான் இருக்கு. குனிஞ்சு எண்ணினா அஞ்சு பக்கம் இருக்கு, ஆறு இருக்கு, ஒரே தூண்லயே ஒரு பக்கம் நீளம், அடுத்த பக்கம் குட்டை. மனுஷன் செதுக்கியிருந்தா அளவெடுத்துச் செதுக்க மாட்டானா? குறுக்களவு ஒரு சாணுக்கு மேல, ஒரு முழத்துக்குள்ள. ஏழு பக்கம் உள்ளதும் இருக்கும்னு படிச்சிருந்தேன். தேடு தேடுன்னு தேடுறேன், செருப்பு வேற தங்கூசியில தொங்குது, படகுக்காரர் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். தண்ணியோரத்துல, பாசி படியாத ஒரு தூண். எண்ணினேன், ஏழு. திருப்பி எண்ணினேன், ஏழு. பக்கத்துல செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்த பசங்களைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், அவங்களுக்கும் ஏழு! ஒருத்தன் கையே தட்டிட்டான். கீழ ஃபோட்டோ போடுறேன், எண்ணிப் பாத்துட்டு சண்டைக்கு வாங்க.

அந்தத் தூணோட தலையில உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. அதுல தேங்கின கடல்தண்ணி பாதி காய்ஞ்சு ஓரமெல்லாம் உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கு, நடுவுல மிச்சம் இருக்குற தண்ணியில ஒரு குட்டி நத்தை நகந்துக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ, அலை படுற மட்டத்துல, தூண் பக்கவாட்டுல கொட்டலசு, அதான் பாறையில ஒட்டிக்கிட்டே வாழுற குட்டி ஓட்டு உயிரி, அப்பியிருக்கு. தண்ணி ஏறினாத்தான் அது மூடியைத் திறந்து சாப்பிடும், இறங்கினா இறுக்கி மூடிக்கும். அதுக்கும் கீழ வழுவழுன்னு பாசி. ஒரு தூணை மேல இருந்து கீழ பாத்தாலே தண்ணி எது வரைக்கும் ஏறும்னு கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தப் பாசியில மட்டும் கால் வைக்காதீங்க. குளிக்கப் போனாலும் விசில் ஊதிடுவாங்க, ஊதுறது சரிதான், பாறைக்கு நடுவுல அலை வர்ற வேகம் அப்படி.

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. எல்லாரும் இதை "பசால்ட்"னுதான், அதாவது கருப்பா இருக்குற எரிமலைப் பாறைன்னுதான் சொல்றாங்க, நானும் போன ஷார்ட்ஸ் தலைப்புல தேடுறவங்களுக்காக அதையேதான் போட்டேன். உண்மையில இது ரியோலைட், டேசைட் வகை. இதுவும் எரிமலைப் பாறைதான், ஆனா மணல்ல இருக்குற சிலிக்கா இதுல அதிகம். வட அயர்லாந்துல ஜயன்ட்ஸ் காஸ்வேன்னு சுமார் 40,000 தூண் நிக்குதே, அதுதான் அசல் பசால்ட். தூண் வெடிக்கிற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், கல்லு வேற.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமா அறிவிச்சிருக்கு. திருவக்கரை கல்மரம் வீடியோ பாத்திருக்கீங்கல்ல, அதே பட்டியல்தான். நம்ம பரங்கிமலையும் அதுல இருக்கு, தெரியுமா? அப்பேர்ப்பட்ட கல்லு மேல சுண்ணாம்புக் கல்லால பேரும் ஹார்ட்டும் கிறுக்கி வச்சிருக்காங்க. உங்க காதலுக்கு ஒன்பது கோடி வருஷக் கல்லா கேக்குது?

ஆ, பேரு! 1498ல வாஸ்கோ ட காமா இங்க இறங்கி, மரியன்னை பேரை வச்சுட்டுப் போனார்னு சொல்றாங்க. இதையும் கேட்டு கமென்ட் வரும், அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

வர்றவங்க மழைக்காலத்துல வராதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடல் கொந்தளிப்பு, படகு ஓடாது. ரயில் டிக்கெட் எடுத்து வந்து கரையில நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க. அலை இறங்கின நேரமா பாத்துப் போனா தூண் கூடுதலா தெரியும். மத்த கேள்வியெல்லாம் கீழ போடுங்க. படகுல வாந்தி வருமான்னு மட்டும் கேக்காதீங்க, அது உங்க வயித்தைப் பொறுத்தது. பை மக்களே.