பாதிரியாரே எங்க கட்சிதாங்க

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். எதிரணி அம்மா இவ்வளவு நேரம் என்ன பேசுனாங்கன்னா, பிரபஞ்சம் எப்படி வந்துச்சுன்னு அறிவியலும் சொல்லுது சமயமும் சொல்லுது, ரெண்டும் ஒண்ணுதான்னு. இல்லீங்க, ரெண்டும் வேற வேறங்கறதுதான் எங்க கட்சி. அதுக்கு திருவாசகத்துல இருந்து "அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்"னு எடுத்து விட்டாங்க, அரங்கமே கை தட்டுச்சு, நானும்தான் தட்டுனேன், பாட்டு அப்படி.

ஆனா ஒரு டவுட்டுங்க. பிரபஞ்சம் ரொம்ப சூடா, நெருக்கமா இருந்த ஒரு நிலையில இருந்து விரிஞ்சு வந்துச்சுங்கறதுதான் பெருவெடிப்புக் கொள்கை. 1948ல ஃப்ரெட் ஹாயில்னு ஒரு வானியல் அறிஞரோட கோஷ்டி அதுக்குப் போட்டியா ஒரு கொள்கை கொண்டுவந்தாங்க, பிரபஞ்சத்துக்கு தொடக்கமும் இல்ல முடிவும் இல்லன்னு. ரொம்ப வருஷம் அதுக்கும் நல்ல மவுசு இருந்துச்சு. அது ஜெயிச்சிருந்தா அம்மா இன்னைக்கு என்ன பாடியிருப்பாங்க? "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதி"! அதே மாணிக்கவாசகர், அதே திருவாசகம்! எது ஜெயிச்சாலும் ஒரு பாட்டு ரெடியா இருக்குன்னா, அவர் சாமிய நினைச்சு உருகுனார்னு அர்த்தம், நாமதான் அவர வம்படியா ஃபிசிக்ஸ் வாத்தியார் ஆக்குறோம்.

அறிவியல் எப்படி பேசும்னு பாருங்க. அதே 1948ல ஆல்ஃபர், ஹெர்மன்னு ரெண்டு பேரு, ஆரம்பத்துல அவ்வளவு சூடா இருந்திருந்தா அந்த மிச்சச் சூடு இன்னும் எல்லா இடத்துலயும் இருக்கணும், சுமாரா 5 கெல்வின் இருக்கும்னு கணக்கு போட்டு எழுதிவச்சாங்க. கெல்வின்ங்கறது வெப்பநிலை அளவு, அதுல பூஜ்யம்னா அதுக்குக் கீழ குளிரே கிடையாது. யாரும் பெருசா கண்டுக்கல. 1964ல நியூஜெர்சில பென்சியாஸ், வில்சன்னு வேற ரெண்டு பேரு ஒரு பெரிய கொம்பு மாதிரி ஆன்டெனாவ வச்சுக்கிட்டு மண்டைய பிச்சுக்கிறாங்க, எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரு இரைச்சல், பகல்லயும் அதே ராத்திரியிலயும் அதே. உள்ள பாத்தா புறா கூடு கட்டியிருக்கு. சரி இதுதான்னு புறாவ புடிச்சு அனுப்பிட்டு, எச்சத்தையெல்லாம் சுரண்டி கழுவிட்டு கேட்டா, இரைச்சல் அப்படியே இருக்கு! அதுதாங்க அந்த மிச்சச் சூடு, ரேடியோ அலையா வந்து ஆன்டெனாவுல இரைச்சலா கேட்டிருக்கு. இன்னைக்குத் துல்லியமா அளந்தது 2.7 கெல்வின். தேடிப் போகாதவங்க கையில வந்து மாட்டுச்சு பாருங்க, அங்கதான் எனக்கு புல்லரிக்குது.

சரி, எங்க சாட்சிய கூப்பிடுறேன். ஜார்ஜ் லெமெய்த்தர், பெல்ஜியம்காரர், கத்தோலிக்க பாதிரியார். பிரபஞ்சம் விரியுதுன்னு 1927லயே கணக்கு போட்டவர், 1931ல எல்லாம் ஒரே ஒரு ஆதி அணுவுல இருந்து வந்துச்சுன்னு சொன்னவர். 1951ல போப் 12ஆம் பயஸ், பாத்தீங்களா அறிவியலே படைப்புக்கு சாட்சி சொல்லுதுங்கற மாதிரி பேசுறார். வேற யாரா இருந்தாலும் மாலைய வாங்கி போட்டுக்குவாங்க, இந்த மனுஷன் சங்கடப்பட்டார். என் கொள்கைக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்ல, நாத்திகனும் ஏத்துக்கலாம் ஆத்திகனும் ஏத்துக்கலாம்னுதான் அவர் நிலைப்பாடு. தினம் பூசை வைக்கிறவரே கலக்காத ரெண்ட நாம எதுக்குங்க கலக்கணும்?

பெருவெடிப்புக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எதிரணி அம்மா மடக்குனாங்க. தெரியாதுங்க. 1380 கோடி வருஷத்துக்குப் பின்னாடி போய் முதல் நொடியோட சின்னத் துணுக்கு வரைக்கும் கணக்கு ஓடுது, அதுக்கு அந்தப்பக்கம் சமன்பாடு படுத்துருது. அந்த ஓட்டைல சாமிய உக்கார வச்சீங்கன்னா, நாளைக்கு எவனாவது அத அடைச்சா சாமிய எங்க எந்திரிச்சு போகச் சொல்லுவீங்க?

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. எதிரணில அடுத்து வர்ற சாருக்கு ஒரே கேள்வி. எந்த மதத்து நூலா வேணா இருக்கட்டும், அத வச்சு இன்னும் யாரும் அளக்காத ஒரு அளவ இந்த மேடையிலயே சொல்லுங்க, நாங்க அளந்து பாத்துக்குறோம்.