கோப்பையை வென்றது வீடியோப் பெட்டியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பெண்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் மானத்தைக் காப்பது ஆட்டக்காரரின் பண்பா, நடுவரின் விசிலா?" இதுதான் தலைப்பு. நான் விசிலின் பக்கம். நிறையக் குறிப்புகள் எழுதி எடுத்து வந்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பசிலிருந்து காரோட்டி, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் நம் மேடிசனுக்கு வந்தவர், மேடையை விட்டு இறங்கும் முன் ஒரு வார்த்தை சொன்னார். "2025 கோப்பையை வென்றது விஸ்கான்சின் பெண்கள் அல்ல, வீடியோப் பெட்டி" என்றார். நடந்ததை நடுவர்கள் மறுபடி ஓட்டிப் பார்க்கும் திரையைத்தான் பெட்டி என்றார். நம் ஊர்க்காரர்களான நீங்களே அதற்குக் கைதட்டினீர்கள்! தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கைதட்டலுக்குக் கணக்குத் தீர்க்காமல் இந்த ஒலிவாங்கியை விட்டு நான் நகரப்போவதில்லை.

அண்ணா, அன்றைக்கு நான் அந்த அரங்கில் இருந்தேன்.

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. மினியாபொலிசில் ரிட்டர் அரங்கம். பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே இந்த நாட்டில் முதன்முதலாகக் கட்டிய அரங்கம் அது. விஸ்கான்சினும் ஒஹாயோ ஸ்டேட்டும் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இறுதிப்போட்டியில் மோதுகின்றன. 2023இல் நாம் வென்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம். 2024இல் அவர்கள் வென்றார்கள், அதே ஒன்றுக்குப் பூஜ்யம். இரண்டு ஆண்டுகளில் இரண்டே கோல். அப்படிப்பட்ட பகை. அந்தப் பகையின் மூன்றாம் அத்தியாயத்தில், கடைசி நிமிடத்தில், ஒஹாயோ ஸ்டேட் மூன்று, நாம் இரண்டு. என் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. உடம்பெல்லாம் ஒஹாயோவின் சிவப்பு. மடியில் தேநீர்க் குடுவை. ஒரு கையால் குடுவையின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கண் மட்டும் பனித்தரையை விட்டு அகலவில்லை.

ஒஹாயோவின் கோல் வாசலில் ஒரே நெரிசல். மட்டைகள், காலணிகள், முழங்கால்கள். நடுவில் எங்கேயோ பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டு. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டம் நின்றது. கடிகாரத்தில் மிச்சம் 18.9 வினாடி. பாட்டி குடுவையை மூடினார். ஜெயித்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம்.

அப்போது விஸ்கான்சின் முறையிட்டது. கோல்கீப்பரைத் தவிர வேறொருத்தி, கோல் வாசலுக்கு உள்ளே, கையால் பக்கை மூடினாள் என்று முறையீடு. நடுவர்கள் திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோடிட்ட சட்டை போட்டவர்களின் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிகிறது. அந்த முதுகைப் பார்த்தே தீர்ப்பைப் படித்துவிட முயன்றோம். பாட்டி மறுபடியும் மூடியைத் திருகத் தொடங்கினார்.

நடுவர் திரும்பி வந்து கையை நீட்டினார். பெனால்டி ஷாட்!

அவையோரே, பெனால்டி ஷாட் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைதானமே காலியாகிவிடும். நடுக்கோட்டில் ஒருத்தி, கோல் வாசலில் ஒருத்தி. பக் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரே அடி. தடுத்தால் தடுத்ததுதான்; திரும்பி வரும் பக்கை இன்னொரு முறை அடிக்க முடியாது. அந்த நடுக்கோட்டுக்கு வந்தவர் கர்ஸ்டன் சிம்ஸ். அங்கிருந்து கோல் வாசல் வரை அவர் வந்த அந்தச் சில வினாடிகளில் பாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்க்கட்சிக்காரியின் முழங்கை என்று தெரிந்தேதான் பிடித்தார்.

கோல். மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரம் போய் மூன்று நிமிடம்கூட முடியவில்லை, அதே சிம்ஸ் இன்னொன்று போட்டார். நான்குக்கு மூன்று. விஸ்கான்சினுக்கு எட்டாவது கோப்பை.

இப்போது சொல்லுங்கள் அண்ணா, அந்த இரண்டு கோல்களையும் எந்தப் பெட்டி போட்டது? பெட்டிக்குக் காலணி உண்டா? மட்டை உண்டா? பெட்டி செய்தது ஒன்றே ஒன்று. 18.9 வினாடி மிச்சம் இருந்தபோது ஒரு கை எங்கே இருந்தது என்று சொன்னது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு பெண்ணின் மணிக்கட்டும் இன்னொரு பெண்ணின் நெஞ்சுரமும்.

அந்தக் காட்சிக்கு நான் இன்னொரு முறை போகிறேன். இம்முறை சிம்சை விட்டுவிடுங்கள். பக்கை மூடினாளே, அந்தப் பெண்ணைப் பாருங்கள். "ஆட்டத்தைக் காப்பது பண்பு" என்கிறது எதிரணி. அப்படியானால் அந்தப் பெண் பண்பில்லாதவளா? அவள் ஏமாற்றுக்காரியா? சொல்லுங்கள் அண்ணா, உங்கள் ஊர்ப் பெண் அவள்!

நான் சொல்கிறேன். அவள் ஏமாற்றுக்காரி இல்லை. தன் வாசலில் கிடக்கும் பக்கைக் கண்டதும் மனத்துக்கு முன்னால் கை போய்விட்டது. குழந்தை கட்டிலிலிருந்து உருளும்போது தாயின் கை யோசித்துவிட்டா நீள்கிறது? அந்தக் கணத்தில் பண்பு என்ன செய்யும்? பண்புக்கு யோசிக்க நேரம் வேண்டும். அந்த நெரிசலில் அந்த நேரம் யாருக்கும் இல்லை. ஆட்டத்தைக் காக்கும் வேலையைப் பண்பின் தலையில் கட்டினீர்கள் என்றால், கை தவறிய ஒவ்வொரு பெண்ணையும் குணம் கெட்டவள் என்று ஊர் பேசும். விசில் அப்படிப் பேசுவதில்லை. "கை பக்கை மூடியது, பெனால்டி ஷாட்" என்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று விசில் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கருணை! நடுவர் கடுமையாக இருந்ததால்தான் அந்தப் பெண் தலைநிமிர்ந்து கைகுலுக்கும் வரிசைக்குப் போக முடிந்தது.

இப்போது அந்தக் காட்சிக்கு மூன்றாம் முறை. எதிரணி முகம் சுளிக்கிறது, பரவாயில்லை. இம்முறை விஸ்கான்சின் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரைப் பாருங்கள். மார்க் ஜான்சன். 2002 முதல் இந்த அணியை வளர்த்தவர். எட்டுக் கோப்பையும் அவர் காலத்தில் வந்தவை. அவர் யார்?

1980 பிப்ரவரி 22. லேக் பிளாசிட் ஒலிம்பிக். எதிரே சோவியத் யூனியன். அமெரிக்கா அனுப்பியதோ கல்லூரிப் பையன்களை. முதல் பகுதி முடியும் நேரம். சோவியத் இரண்டு, அமெரிக்கா ஒன்று. தூரத்திலிருந்து ஒரு அடி. உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர் த்ரெத்தியாக்கின் மேல் பட்டுத் தெறிக்கிறது. ஒரு பையன் பாய்ந்து போய் அதை எடுத்து உள்ளே போடுகிறான். நேரம் முடிந்ததென்று சோவியத் அணி ஓய்வறைக்கே போய்விட்டது! நடுவர் ஃபின்லாந்துக்காரர். "கோல் செல்லும், இன்னும் ஒரு வினாடி மிச்சம் இருக்கிறது" என்று தீர்ப்பாயிற்று. போனவர்களை அந்த ஒற்றை வினாடிக்காகத் திரும்ப அழைத்தார்கள். த்ரெத்தியாக் திரும்பி வரவில்லை. வேறு கோல்கீப்பர் வந்தார். அன்றைய முடிவும் நான்குக்கு மூன்று. அந்த ஒரு வினாடி கோலைப் போட்ட பையன்தான் இந்த மார்க் ஜான்சன்.

ஒரு வினாடியின் விலை அறிந்தவர், 45 ஆண்டு கழித்து 18.9 வினாடி மிச்சம் இருக்கும் பனித்தரை ஓரத்தில் நிற்கிறார். அண்ணா, 1980இல் அந்த ஆட்டத்தை வென்றது கடிகாரப் பெட்டி என்று இந்த நாட்டில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அதிசயம் என்றார்கள். அதற்குப் பெயரே அதிசயம். பையன்களுக்காக ஒரு வினாடியைத் தேடிப் பிடித்தால் அதிசயம். பெண்களுக்காகத் திரையைப் பார்த்தால் பெட்டியா?

என் கோபமெல்லாம் இதுதான். இந்தப் பெண்களுக்கு, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் கோப்பையே 2001இல்தான் வந்தது. பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதித் தள்ளுவது குற்றம். உடல் உரசுவது குற்றமில்லை. உரசலுக்கும் மோதலுக்கும் நடுவே இருக்கிற நூலிழையைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். "பெண்கள் ஆட்டம்தானே, போகட்டும்" என்று நடுவர் ஒருநாள் கண்ணை மூடினால், அதைவிடப் பெரிய அவமரியாதை அந்தப் பெண்களுக்கு வேறில்லை. அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் ஒரு கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்களே, அதுதான் அவர்களுக்குச் செலுத்திய மரியாதை. தோற்ற அணிக்கும் சேர்த்துத்தான்.

நடுவர் அவர்களே, நேரம் ஆகிறது என்று பார்க்கிறீர்கள். இன்னும் ஒன்றே ஒன்று. இது வாதம் இல்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. சென்ற குளிர்காலத்தில் சிறு பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவராகப் போகத் தொடங்கினாள். கோடிட்ட சட்டை அவளுக்கு இரண்டு அளவு பெரிது. கைப்பகுதியை மடித்து ஊக்குக் குத்திவிடுவேன். ஒரு சனிக்கிழமை காலை ஆஃப்சைடு, அதாவது பக்குக்கு முன்னால் ஆள் நீலக்கோட்டைத் தாண்டிவிட்டான், என்று கையைத் தூக்கினாள். அதனால் ஒரு கோல் செல்லாமல் போனது. பார்வையாளர் பக்கம் ஒருவர் எழுந்து, கண்ணாடித் தடுப்பைக் கையால் தட்டித் தட்டி அவளைத் திட்டினார். பக்கத்தில் அவருடைய குழந்தை இருந்தது. நானும் இருந்தேன். எழுந்திருக்கவே எனக்குக் கால் வரவில்லை.

காரில் ஏறினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அம்மா, நீங்கள் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள்" என்றாள். ஹீட்டர் சூடேறுவதற்குள் வண்டிக்குள் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். நீலக்கோடு. பக். பின்னாலேயே ஒரு குட்டிப் பையனின் காலணி. நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். பக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அந்தக் காலணி தாண்டியிருந்தது. ஆஃப்சைடு இல்லை. அவள் தவறியிருந்தாள்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். வண்டி நிறுத்தும் இடத்தில் அந்தக் குழந்தைகள் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பனியில் வழுக்காமல் மெல்ல நடந்து போய், அந்தக் குட்டிப் பையனின் முன்னால் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பையன் கையுறையைக் கழற்றி அவளிடம் கையை நீட்டினான்.

ரிட்டர் அரங்கில் அந்தச் சிவப்புப் பாட்டியும் இப்படித்தான் செய்தார். கோப்பையை நாங்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போது, குடுவையின் மூடியில் தேநீரை ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அண்ணா, அந்தத் தேநீருக்கு இன்றுவரை நான் உங்கள் ஊருக்குக் கடன்பட்டவள். அதனால்தான் உங்கள் வார்த்தை எனக்கு இவ்வளவு வலித்தது.

மகளின் விசில் என் கைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஆட்டம். நானும் போகிறேன். இந்த முறை அந்தக் கண்ணாடித் தடுப்பை யாராவது தட்டினால் எழுந்து நிற்கப்போகிறேன்.

நன்றி, வணக்கம்.