பாதியில் மூடிய புத்தகங்கள்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

தலைப்பைக் கேள்விக்குறியோடு கொடுத்திருக்கிறார்கள்: நீளமான, சலிப்பூட்டுகிற புத்தகத்தைப் பாதியில் விடலாமா? பட்டிமன்றமாக இருந்தால் நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்குத் தனியாக ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டதால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடலாம். தாராளமாக விடலாம். ஆனால் விடுவதென்றால் நிஜமாகவே விட்டுவிட வேண்டும். நம்மில் பலர் விடுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலைமீதுதான் என் வழக்கு.

விடலாம் என்பதற்கு வெளியூர்ச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. நாலடியார் எப்போதோ சொல்லிவிட்டது.

கல்வி கரையில; கற்பவர் நாள்சில;
மெல்ல நினைக்கின் பிணிபல; தெள்ளிதின்
ஆராய்ந்து அமைவுடைய கற்பவே நீரொழியப்
பாலுண் குருகின் தெரிந்து.

முதல் அடியை மேடைக்கு மேடை சொல்கிறோம். கடைசி இரண்டு அடிகளில் இருக்கிற கறார்த்தனத்தை யாரும் சொல்வதில்லை. நீரை ஒதுக்கிப் பாலை மட்டும் எடுத்துக்கொள் என்கிறார் புலவர். பாத்திரத்தில் இருப்பதையெல்லாம் குடித்து முடி என்று அவர் சொல்லவே இல்லை.

நாள் சில என்றால் எவ்வளவு சில? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் தவறாமல் 30 பக்கம் படிக்கிறவர் ஒருவர். (இங்கேயே சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள், பரவாயில்லை.) அவர் ஆண்டுக்கு 10,950 பக்கம் படிப்பார். ஒரு புத்தகத்துக்கு 300 பக்கம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு முப்பத்தாறரைப் புத்தகம், நாற்பது வருஷத்தில் 1,460. நூலகத்தில் சில அலமாரிகள், அவ்வளவுதான். ஒரு நாள்கூட விடாமல் நாற்பது ஆண்டு படித்த மனிதருக்கே இதுதான் வரவு. பிடிக்காத 600 பக்க நாவலை முடித்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் அதில் இருபது நாள் போகும். அதுகூட ஏட்டுக் கணக்கு. பிடிக்காததை எவர் தினம் 30 பக்கம் படிக்கிறார்? நிஜத்தில் இரண்டு மாதம் ஆகும்.

பின் ஏன் விட மாட்டேன் என்கிறோம்? முதல் காரணம் காசு. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்க வந்தவர்களில் சிலரிடம் முழு விலை வாங்கினார்கள்; சிலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். நாடகம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கொடுத்த காசு அவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. புத்தகத்திலும் இதேதான் நடக்கிறது, கூடுதலாக ஒரு சிக்கலோடு. இங்கே காசு போக, படித்த பக்கங்களும் முதலீடாகிவிடுகின்றன. 200 பக்கம் வந்துவிட்டோமே, இனி விட்டால் அத்தனையும் வீண் என்று தோன்றுகிறது. அந்த 200 பக்கத்துக்கான நேரம் ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் தொடர்ந்தாலும் அது திரும்பி வராது.

இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். கடைசிப் பாடத்திலிருந்து கேள்வி வரும் என்ற பயம் நாற்பது வயதிலும் போகவில்லை. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. தேர்வு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம் கௌரவம். முழுதாகப் படிக்காதவன் படிப்பாளியே இல்லை என்று ஒரு நினைப்பு. 1755-இல் ஆங்கிலத்துக்குப் பேரகராதி கொடுத்த சாமுவேல் ஜான்சனைவிடப் பெரிய படிப்பாளியை நாம் தேட வேண்டாம். 1773-இல் ஒருவர் அவரிடம், எல்லாரும் புகழ்கிற ஒரு புதுப் புத்தகத்தைப் படித்தீர்களா என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன் என்றார் ஜான்சன். முழுதாகப் படிக்கவில்லையா என்று வந்தவர் விடாமல் துளைத்தார். ஜான்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லை ஐயா, நீங்கள் புத்தகங்களை முழுதாகவா படிக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சலிப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே, அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது? புத்தகத்திலிருந்தா, நம்மிடமிருந்தா? இதைப் பிரித்துப் பார்க்கத் தமிழில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. நன்னூலில் பவணந்தியார் நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று பட்டியல் போடுகிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. எழுதுகிறவனுக்காகச் சொன்னது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்தும்போனோம். வாசகன் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள், குற்றப்பத்திரிகை தயார்.

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று 250 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு, எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். முதல் இருபது பக்கத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே யோசனை ஒரு வியாபாரியின் கதையாக வருகிறது. அதற்கடுத்து ஒரு விளையாட்டு வீரரின் கதையாக. பிறகு கட்டம்கட்டி, "இதுவரை பார்த்தவை" என்று. இது கூறியது கூறல். இருபது பக்கக் கட்டுரைக்குப் புத்தக முதுகு வேண்டும் என்பதற்காக ஊதிப் பெருக்கியது மிகைபடக் கூறல். இப்படிப்பட்டதை நாற்பதாம் பக்கத்தில் மூடுகிறவர் எதையும் இழக்கவில்லை. பாலைக் குடித்துவிட்டார்.

சென்றுதேய்ந்து இறுதல் என்பது எவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு பாருங்கள். தொடக்கம் அமர்க்களமாக இருக்கும். போகப்போக எழுதியவருக்கே ஆர்வம் வற்றிக்கொண்டு வருவது வரிகளில் தெரியும். அவருக்கே போதும் என்று ஆகிவிட்டது, நமக்கென்ன வேண்டுதலா?

மற்றொன்று விரித்தலுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. செர்வாந்தேஸ் 1605-இல் 'டான் குயிக்ஸாட்' முதல் பாகத்தை வெளியிட்டார். நடுவில், கதைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நீண்ட கதை வரும். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாபாத்திரங்களே முதல் பாகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இடைக்கதை நன்றாக இருந்தாலும் அங்கே எதற்கு என்று வாசகர்கள் குறை சொல்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் போட்டு உடைக்கிறது. அப்படிப்பட்ட கதைகளை வாசகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்றும் பின்னால் ஒரு வரி வருகிறது. நானூறு ஆண்டுக்கு முன்பே பக்கம் தள்ளுகிற வாசகன் இருந்திருக்கிறான். ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஆனால் பத்துக் குற்றத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் சுமத்தாதீர்கள்: மயங்க வைத்தல். புரியவில்லை என்றால் அது நூலின் குற்றமாகவும் இருக்கலாம், நம் தயாரிப்பின் குறையாகவும் இருக்கலாம். இயற்பியலோ தத்துவமோ முதல் வாசிப்பில் மண்டையில் ஏறாவிட்டால் புத்தகத்தைத் திட்டுவதில் பொருளில்லை. அதற்கு முன் படிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலம் ஒரு வரலாற்றுச் சுருக்கம்' 1988-இல் வந்து கோடிக்கணக்கில் விற்றது. 2014-இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணித அறிஞர், கிண்டில் என்ற மின்னூல் கருவியில் வாசகர்கள் அடிக்கோடிட்ட வரிகள் புத்தகத்தின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று பார்த்து, வேடிக்கையாக ஒரு குறியீட்டெண் கணக்கிட்டார். ஹாக்கிங் புத்தகத்துக்கு 6.6 சதவீதம் வந்தது; அதாவது, அதிகம் பேர் அடிக்கோடிட்ட வரிகள் சராசரியாகப் புத்தகத்தின் அந்தத் தொடக்கப் பகுதியிலேயே நின்றுவிட்டன. தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கு 2.4. இதை விஞ்ஞானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பாதியில் விட்டவர் நீங்கள் மட்டும்தான் என்ற குற்ற உணர்ச்சிக்கு நல்ல மருந்து.

நீளத்துக்கு வருவோம். நீளமும் சலிப்பும் ஒன்றே என்று நினைக்கிறோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் முதல் வாசகர்களுக்கு அது நீளமான புத்தகமே இல்லை. வாராவாரம் வந்து போகிற சில பக்கங்கள். சென்ற வாரம் விட்ட இடத்தை நினைவூட்டுவதும், அத்தியாய முடிவில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நகர்வதும் அந்த வாசகனுக்காகச் செய்தவை. அதையே ஐந்து நாள் விடுமுறையில் ஒரே மூச்சில் படித்தால் நினைவூட்டல்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். டிக்கன்ஸுக்கும் டூமாவுக்கும் இதே கதிதான். தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள். ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், போதும். விட நினைத்த பல நாவல்கள் இந்த ஒரு மாற்றத்தில் பிழைத்துக்கொள்ளும்.

தால்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' வேறு வகை. நடாஷாவும் பியரும் வருகிற இடமெல்லாம் பக்கம் பறக்கிறது. வரலாறு என்றால் என்ன என்று ஆசிரியர் வகுப்பெடுக்க ஆரம்பித்ததும் பலருக்குக் கண் சொருகுகிறது. அந்த வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1873-இல் வந்த பதிப்பில் அந்தத் தத்துவப் பகுதிகளைத் தால்ஸ்தோயே கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பில் போட்டார். இன்று நாம் படிக்கிற பதிப்புகளில் அவை பழையபடி உள்ளே வந்துவிட்டன. ஆகவே, அவற்றைத் தள்ளிப் படிக்கிறவரை யாராவது கண்டித்தால், மூலவரே ஒருமுறை வழிவிட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி வாதமும் ஒன்று இருக்கிறது, வலுவானது. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ தம் 'ரோஜாவின் பெயர்' நாவலின் முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் கேட்டபோது முடியாது என்றார். கதை நடக்கிற மலைமேல் மடாலயத்துக்குள் வந்து ஏழு நாள் தங்க வேண்டுமானால் அந்த மடாலயத்தின் நடையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஏறமுடியாதவர்கள் மலையடிவாரத்திலேயே நிற்கட்டும் என்பது அவர் பதில். திமிர்தான். ஆனால் அதில் உண்மை உண்டு. சில புத்தகங்கள் தம் மூச்சின் வேகத்தை நமக்குப் பழக்க நேரம் எடுத்துக்கொள்கின்றன. பத்தாம் பக்கத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

அப்படியானால் எத்தனை பக்கம்? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொன்னார். ஐம்பது வயது வரை 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். அதற்கு மேல், நூறிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். எழுபது வயதுக்காரர் 30 பக்கம் படித்தால் போதும். நூறு வயது ஆகிவிட்டால் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். கற்பவர் நாள் சில என்பதற்கு இதைவிட அழகான கணக்கு நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் சிரிப்பதிலிருந்து சட்டம் நிறைவேறிவிட்டது என்று தெரிகிறது.

இப்போது என் வழக்கு. மேசையில் ஒரு புத்தகம் கிடக்கிறது. 87-ஆம் பக்கத்தில் ஒரு பழைய பயணச்சீட்டு செருகியிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் புரட்டிய பகுதி விரல் பட்டுச் சற்றே பருத்துப் பழுத்திருக்கிறது. மீதி அச்சகத்து இறுக்கம் கலையாமல் வெளுப்பாக இருக்கிறது. மூன்று மாதமாக அந்தக் கோடு நகரவில்லை. அதன் சொந்தக்காரரைக் கேளுங்கள், "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்பார். ராத்திரி அதை எடுப்பார்; பத்து வரி போனதும் கண் மட்டும் கீழே இறங்கியிருக்கும், மனம் மேலேயே நிற்கும்; திரும்ப அதே பத்தி. மீதம் எவ்வளவு என்று கட்டைவிரலால் தடிமனை அளந்து பார்ப்பார். வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பார். வேறு புத்தகம் எடுக்கலாமே என்றால், இதை முடித்துவிட்டுத்தான் அது என்பார். அலமாரியில் அவருக்குப் பிடித்திருக்கக்கூடிய நாலு புத்தகம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. மோசமான புத்தகம் படித்ததால் வாசிப்பை நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. இந்த வரிசையில் மாட்டிக்கொண்டு நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே விடுவதை முறையாகச் செய்யுங்கள். பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்து வெற்றுத்தாளில், எந்தப் பக்கத்தில் எதனால் விட்டீர்கள் என்று பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். பத்துக் குற்றத்தில் ஒன்று அங்கே உதவும். நூலகப் புத்தகம் என்றால் அதில் எழுதாதீர்கள், நூலகர் என்னைத் தேடி வருவார். கட்டுரை நூலானால் பொருளடக்கத்தைப் பார்த்து வேண்டிய அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள். பிறகு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அல்லது கண்ணில் படாத தட்டுக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தால் அந்த ஒரு வரி, நீங்கள் மாறினீர்களா புத்தகம் அப்படியே இருக்கிறதா என்று காட்டிக்கொடுத்துவிடும்.

விடக் கூடாதவர்களும் உண்டு. மதிப்புரை எழுதுகிறவர், பரிசுக்குத் தேர்வு செய்கிறவர், பாடம் நடத்துகிறவர். இவர்கள் கடைசி வரி வரை போய்த்தான் ஆக வேண்டும். மற்றவர்கள், பாதியில் விட்ட நூலைப் பற்றி வெளியே பேசும்போது எந்தப் பக்கம் வரை படித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

கையில் ஒரு சீட்டு வந்திருக்கிறது. "நண்பர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாவல் சலிக்கிறது, என்ன செய்ய?" பெயர் போடவில்லை, நண்பரும் இதே அரங்கில் இருக்கிறார் போலிருக்கிறது. ஐயா, முடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நிமிடமே முடிவு எப்படி இருந்தது என்று கேட்பார். உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒரு இடத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்க எண்ணோடு அவரிடம் சொல்லுங்கள். எழுதுகிறவனுக்கு அது போதும். முழுதாகப் படித்தீர்களா என்று அதற்குப் பிறகு கேட்க மாட்டார். கேட்டால், நான் சொன்ன அந்த ஜான்சன் பதிலை மட்டும் சொல்லாதீர்கள், நட்பு போய்விடும்.

வணக்கம்.