ராணுவத்தில் இருந்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?

(திரையில்: பள்ளியின் நீண்ட நடைபாதை. மணி அடித்து ஓய்கிறது.)

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பள்ளி. அங்கே முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றும்? பையன்களை வரிசையில் நிறுத்துவார், ஒரு சத்தம் போட்டால் நடைபாதையே அடங்கிவிடும். சரி, ஆனால் இவர் வந்திருப்பது பள்ளிச் சமூகப் பணியாளராக. அந்த வேலையில் சத்தத்துக்கு வேலையே கிடையாது.

பள்ளிச் சமூகப் பணி என்பது நேற்று முளைத்த தொழில் இல்லை. 1906, 1907 வாக்கில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு ஆகிய மூன்று நகரங்களில் தொடங்கியது. அப்போது இவர்களுக்கு 'வீடு தேடிப்போகும் ஆசிரியர்' என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள், வகுப்புக்கு வரவேண்டிய வயதில் வேலைக்குப் போன பிள்ளைகள். வீட்டில் நடப்பது பள்ளிக்குத் தெரியாது, பள்ளி கேட்பது வீட்டுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோக வேண்டியிருந்தது. 1913இல் ராச்செஸ்டர் நகரக் கல்வி வாரியம் இதற்குத் தன் கையிலிருந்தே சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை பெரும்பாலும் வெளி அமைப்புகளின் தயவு.

(திரையில்: ஒரு பட்டியல். பெயர்கள் மங்கலாக்கப்பட்டுள்ளன.)

இன்றைக்கும் வேலையின் வேர் அதேதான். பள்ளி நாட்களில் பத்து சதவீதம் வராமல்போனால் அந்த மாணவர் 'தொடர்ந்து வராதவர்' என்ற கணக்கில் வந்துவிடுவார். 180 நாள் கொண்ட ஆண்டில் அது 18 நாள். பட்டியலைப் பார்த்துவிட்டு, காரணம் தேடி வீட்டுக்குப் போகிறார் நம் ஆள். ராணுவத்தில் கதவுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கப் பழகியவர், இங்கே இரண்டடி பின்னால் தள்ளி, உள்ளே இருப்பவர் கண்ணில் நன்றாகப் படும்படி நிற்க வேண்டும். அடையாள அட்டை வெளியே தொங்க வேண்டும். முடியை ஒட்ட வெட்டி, விறைப்பாக நிற்கும் ஒருவரைப் பார்த்தால் போலீஸோ, குழந்தையைத் தூக்கிப்போக வந்தவரோ என்று அந்த அம்மா பயந்துவிடக் கூடாது அல்லவா?

அந்தக் குடும்பத்துக்கு வீடே போய்விட்டது என்று தெரிந்தால் அங்கே சட்டம் கைகொடுக்கிறது. 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, வீடற்ற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சான்றிதழ்கள் வரட்டும் என்று பள்ளி காத்திருக்கக் கூடாது. முன்பு படித்த பள்ளியிலேயே தொடர்வது பிள்ளைக்கு நல்லது என்றால் தொடரலாம். இது தெரியாமலேயே பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்திலும் சமூகப் பணிக்கு இடம் இருக்கிறது. பிள்ளை வளர்ந்த விதம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கேட்டு எழுதித் தருவது இவர்தான். வெறும் 'அறிவுரை சொல்பவர்' என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், இந்த இடத்துக்கு வரும் வழி. 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய ஜி.ஐ. சட்டம், தகுதியுள்ள வீரர்களுக்கு 36 மாதம் வரை படிப்புச் செலவைத் தாங்குகிறது. வாடகைக்கும் உதவித்தொகை உண்டு. சமூகப் பணி முதுகலை பொதுவாக இரண்டு ஆண்டு. அதில் குறைந்தது 900 மணி நேரம் களப்பயிற்சி. உரிமம், சான்றிதழ் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

என் கணிப்பில், ராணுவத்திலிருந்து வருபவர்களைச் சிரமப்படுத்துவது தேர்வைவிட இந்தக் களப்பயிற்சிதான். உத்தரவு வாங்கி, உத்தரவு கொடுத்துப் பழகியவர், பதினைந்து வயதுப் பையன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மௌனத்தை உடைக்கத் தன் போர்க்கதையை எடுத்துவிடலாமா என்று நாக்கு துடிக்கும். அந்தக் கதை பையனுக்கு உதவுமா, அல்லது தன் மனப்பாரம் இறங்குவதற்கா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். சாலை போடும் ராணுவப் பிரிவு.)

ராணுவம் உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கும் என்று கேட்டால் நான் ஒருவரைக் காட்டுவேன். விட்னி யங் என்ற கறுப்பினத் தலைவர். 1921இல் கென்டக்கியில் பிறந்தவர். பள்ளியில் பாடம் நடத்தியவர், ஆனால் பள்ளிச் சமூகப் பணியாளர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் சாலை போடும் பிரிவில் இருந்தார். வீரர்கள் கறுப்பினத்தவர், மேலதிகாரிகள் தென் மாநில வெள்ளையர். அமெரிக்க ராணுவத்தில் இனப்பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவர ஜனாதிபதி ட்ரூமன் ஆணை போட்டது 1948இல்தான். இது அதற்கு முந்தைய காலம். மூன்றே வாரத்தில் யங்குக்கு, சாதாரண வீரர்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே இருக்கும் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் பதவி கிடைத்தது. இரு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை. மோசமாக நடத்தப்பட்டுக் கொதித்துக்கொண்டிருந்த வீரர்கள் ஒரு பக்கம், போர்முனையில் அதே வீரர்களை நம்பியே உயிர் பிழைக்க வேண்டிய அதிகாரிகள் மறுபக்கம். இரண்டு பேரிடமும் பேசக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான்.

அந்த நடு இடத்தையே அவர் தொழிலாக்கிக்கொண்டார். 1947இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி முதுகலை. 1954இல் அட்லான்டா பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பள்ளியின் தலைவர். 1961 முதல், கறுப்பினத்தவரின் வேலைக்கும் சம உரிமைக்கும் பாடுபடும் தேசிய அர்பன் லீக் அமைப்பின் தலைமை. கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியை நடத்தியவர்களில் ஒருவர். கம்பெனி முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து கறுப்பினத்தவருக்கு வேலை கேட்டதால், சொந்தப் பக்கத்திலேயே சிலர் 'ரொம்ப மிதமானவர்' என்று குறை சொன்னார்கள். நடுவில் நிற்பவருக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் விழும். 1971இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இறந்தபோது வயது 49.

பள்ளியிலிருந்து தொடங்குபவரும் கொஞ்சம் கொஞ்சமாக இப்படித்தான் ஊர் மதிக்கும் தலைவராகிறார். கதவு தட்டிய தெருக்கள் எல்லாம் முகம் தெரிந்துவிடும். முன்னாள் வீரர் சங்கத்தில் ஏற்கெனவே ஆட்கள் பழக்கம். குளிர்கோட்டு சேகரிப்பதா, மாலைநேரப் பயிற்சிக்கு ஒரு அறை வேண்டுமா, ஃபோன் போட்டால் எடுப்பார்கள். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தலில் நில்லுங்கள் என்பார்கள். ஆனால் தான் வேலை செய்யும் பள்ளி மாவட்டத்தின் வாரியத்திலேயே உறுப்பினராக இருக்கப் பல மாநிலங்களில் அனுமதி இல்லை. அதனால் பெரும்பாலும் வாரியக் கூட்டத்தில் பார்வையாளர் மைக்கில் சில நிமிடம்தான் கிடைக்கும்.

(திரையில்: வாரியக் கூட்டம். மைக் முன்னால் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.)

அங்கேதான் அவருக்குச் சங்கடம். காரில் தூங்கி எழுந்து வகுப்புக்கு வரும் பெண்ணை அவருக்குத் தெரியும். ஏன் 18 நாள் வரவில்லை என்று அந்தப் பையன் சொன்னதும் தெரியும். எதையும் மைக்கில் சொல்ல முடியாது, ரகசியம் காப்பது தொழில் விதி. கையில் இருப்பது ஓர் எண் மட்டும். 250 மாணவருக்கு ஒரு சமூகப் பணியாளர் வேண்டும் என்பது தேசியச் சமூகப் பணியாளர் சங்கத்தின் பரிந்துரை. அதைச் சொல்கிறார். பிறகு, "நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ஒருவர்?" என்று கேட்டுவிட்டு, நேரம் மிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துகொள்கிறார்.