ஒரு விசில் அடித்தால் நில்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், கோயில் கொடைத் திருவிழா முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிற ஊர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான், எனக்குக் கொடுத்திருப்பதே பத்து நிமிஷம்.

தொடக்கப் பள்ளியில் பிள்ளையை ஆளாக்குவது புத்தகமா, விளையாட்டா என்பது தலைப்பு. விளையாட்டுதான் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அந்த நாலு பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். "பி.டி. வாத்தியாருக்கு என்ன பெரிய படிப்பு? விசில் ஊதத் தெரிஞ்சா போதும். அப்படிப் பாத்தா நம்ம டவுன் பஸ் கண்டக்டரும் பி.டி. வாத்தியார்தான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணாச்சி, எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டர். அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே முப்பது வருஷம் விசில் ஊதினவர். அந்தச் சிரிக்கிற பெரியவர் அவர்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பி.டி. படித்தவள் இல்லை, இடைநிலை ஆசிரியை. முதலில் வேலை பார்த்தது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தத்துக்கும் ஹெச்.எம். ஒருத்தர், நான் ஒருத்தி. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது, நல்லது. சொல்லிக்கொடுக்க ஆள்? அதே சட்டத்தின் அட்டவணையில் ஆறாம் வகுப்புக்கு மேலேதான், அதுவும் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால், பகுதி நேரமாக ஒருவர். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இலை போட்டாயிற்று, பரிமாறத்தான் ஆளில்லை.

பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் வந்து பி.டி. பீரியடைக் கடன் வாங்குவார், நம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சரும் நான், பி.டி. டீச்சரும் நான். என்னிடம் நானே கடன் வாங்கினேன், நானே திருப்பிக் கொடுக்கவில்லை. நாலாம் வகுப்பில் ஒருத்தி சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் எழுந்து நின்று, "டீச்சர், நீங்க பதினோரு பி.டி. தரணும்" என்றாள். வட்டிக்காரன்கூட அவ்வளவு நிதானமாகக் கேட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் புலம்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய விசிலை எடுத்துக் கொடுத்தார். பித்தளை விசில், வாய் வைக்கிற இடம் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, நூல் வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. "ஒரு விசில்னா நிக்கணும், ரெண்டு விசில்னா போணும். ஏன்னு கேள்வி நின்ன பொறவுதான்" என்றார். எனக்கு வேறு எதுவும் தெரியாது, அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நொண்டி ஆட்டமா, கோ-கோவா, எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான்.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான், கொக்கு என்று கூப்பிடுவார்கள். உடம்பு இவ்வளவு, கால் அவ்வளவு. ஓடினால் புழுதி மட்டும்தான் தெரியும். ஒன்றியத்தில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்து ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். கொக்குக்கு முதல் பரிசு என்று ஹெச்.எம். முந்தின நாளே லட்டுக்குச் சொல்லிவிட்டார். எட்டுப் பையன்கள் சுண்ணாம்புக் கோட்டில் நிற்கிறார்கள். நம்ம ஆள் மூன்றாவது. ஸ்டார்ட்டர் சார் கையைத் தூக்கினார், நீளமாக ஊதினார், பீஈஈப் என்று.

ஏழு பேர் ஓடிவிட்டார்கள். கொக்கு நிற்கிறான்.

நான் இந்தப் பக்கம் இருந்து "ஓடுல!" என்று கத்துகிறேன். ஹெச்.எம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "ஓடுல ஏ!" என்று குதிக்கிறார். அவனோ ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் நிற்கிறான், சுண்ணாம்புக் கோட்டைக்கூடத் தாண்டவில்லை. ஓடினவர்கள் கயிற்றைத் தொட்டு, ரிப்பன் வாங்கி, மோர் குடிக்கப் போய்விட்டார்கள். அப்போதும் நிற்கிறான். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "டீச்சர், ரெண்டாவது விசில் வரவே இல்லையே. அந்த சாருக்கு விசில் அடிக்கத் தெரியாதா?"

இன்னொரு தடவை சொல்கிறேன், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லையாம். "அந்த சாருக்கு விசில் அடிக்கத் தெரியாதா?" அந்த சார் படித்து வந்த பி.டி. மாஸ்டர் ஐயா! எங்கள் பிள்ளைக்கு அவர் அரைக் கண்டக்டர்.

தோற்றுப்போன கதையைச் சொல்லி விளையாட்டுக்கு வாதாடுகிறாளே என்று அண்ணாச்சி குறிப்பு எடுக்கிறார், எடுக்கட்டும். இடையில் ரெண்டு மூன்று வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், மார்க் போட வேண்டுமல்லவா. ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒற்றைப்படை, இரட்டைப்படையைக் கரும்பலகையில் நான் ஒரு வாரம் நடத்தினேன், ஏறவில்லை. மைதானத்தில் விசில் அடித்து "ஜோடி சேருங்க" என்றேன், ஜோடி கிடைக்காமல் முழித்துக்கொண்டு நின்றவன் "டீச்சர், நாம பதினேழு பேர், ஒத்தப்படை" என்று அழுகிற குரலில் சொன்னான். ஒன்றாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு இடது வலது தெரியாது, ஒரு காலில் ஓலையும் ஒரு காலில் துணியும் கட்டி நடக்கவிட்டால் பத்து நாளில் கால் சொல்லிக்கொடுக்கும். வாதம் முடிந்தது.

இப்போது கொக்கு. தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷம் 5,000 ரூபாய் வரைக்கும் உண்டு. எங்களுக்கும் ஒரு பந்து வந்திருந்தது, வந்த நாளிலிருந்து பீரோவுக்குள்தான் இருந்தது. கிழிந்துபோனால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் பதில் எழுதுவது? பந்தயத்தில் தோற்று வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெச்.எம். மனசு இளகிச் சாவியைக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். காம்பவுண்டு ஒரு பக்கம் இடிந்து கிடக்கிற பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் தார் ரோடு. யாரோ உதைத்த பந்து இடிந்த சுவரைத் தாண்டி உருண்டது. பின்னாலேயே கொக்கு. நான்தான் சொன்னேனே, ஓடினால் புழுதி மட்டும்தான் தெரியும் என்று. வளைவில் கல் லாரி வருகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. விசில் வாயில் இருந்தது, ஊதினேன். ஒரே ஒரு விசில்.

நின்றான்.

ஒரு கால் மண்ணில், ஒரு கால் தார் விளிம்பில். கோட்டில் நின்றானே, அதே மாதிரி. பந்து லாரிச் சக்கரத்தில் மாட்டி வெடித்த சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. அவன் அப்போதும் திரும்பவில்லை, ரெண்டாவது விசிலுக்குக் காத்திருந்தான். எனக்கு ஊத மூச்சு இல்லை. நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். "பந்து ஒன்று, லாரியில் சிக்கிச் சேதம்" என்று ஹெச்.எம். ரிஜிஸ்டரில் எழுதும்போது அவருக்குக் கை நடுங்கியது.

புத்தகம் உருண்டு ரோட்டுக்குப் போகாதே என்று அண்ணாச்சி பக்கத்தில் முனகுவது காதில் விழுகிறது. உண்மைதான் அண்ணாச்சி, அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அன்றைக்கு ராத்திரி விஷயத்தைச் சொன்னபோது எங்கப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கை அப்படியே நின்றது. முப்பது வருஷத்தில் எத்தனை தடவை அந்த ஒரு விசிலை அடித்தார், எந்தெந்த நிறுத்தத்தில், யார் யாருக்காக, ஒன்றும் சொன்னதில்லை. எழுந்து கையைக் கழுவிவிட்டு, விசிலைக் கேட்டு வாங்கி, பழைய நூலை அவிழ்த்துப் புது நூல் கோத்துக் கொடுத்தார்.

இப்போது பாருங்கள், அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரு தடவைதான் அடித்தார், நின்றுவிட்டேன். வணக்கம்.