அட்டை மட்டும் மிஞ்சவில்லை

அன்பு நண்பர்களே,

என் பாட்டி ‘பொன்னியின் செல்வ’னைப் பைண்டு செய்து வைத்திருந்தார். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்த தொடர் அது. இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் போட்டி நடக்கும். எல்லோரும் படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கிவைப்பார்கள். மற்றவை எடைக்குப் போய்விடும். இப்படித்தான் மணியம் வரைந்த உட்பக்கப் படங்கள் பிழைத்தன, அட்டைப்படங்கள் தொலைந்தன. அன்றைய வீடுகள் பலவற்றில் இதுதான் வழக்கம். பழைய இதழ் தேடுகிறவர்களுக்குக் கதை கிடைக்கிறது, அட்டை கிடைப்பதில்லை.

அந்தப் பைண்டு ஒருநாள் தளர்ந்து பிரிந்தது. முதுகில் வலுவுக்காகப் பைண்டர் ஒரு தாளைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். இரண்டு விரல் அகலம். ஏதோ ஒரு வார இதழின் அட்டை! வளையல் அணிந்த ஒரு கை, அதில் ஓர் அகல்விளக்கு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். சிவப்பு மட்டும் மயிரிழை விலகியிருந்ததால் சுடருக்கு இரட்டை விளிம்பு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ப்ளாக் (அச்சுத் தகடு) வைத்து அச்சிட்ட காலம். தாள் சற்று நகர்ந்தாலும் இப்படி ஆகிவிடும். அந்தப் பிசகுகூட எனக்கு அழகாகவே தெரிந்தது. ஆனால் தேதியும் ஓவியரின் கையெழுத்தும் கத்தரிக்கு இரையாகியிருந்தன.

‘விகட’னில் ஓவியர் மாலி உருவாக்கிய ஓவியப் பரம்பரை எவ்வளவு பெரியது! கோபுலு அவரிடம் வளர்ந்தவர். நாமக்கல்லில் பிறந்த சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயர் சூட்டியவரும் மாலிதான். இவர்களின் கோடுகளைப் பழைய பேப்பர் கடைத் தராசில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. புத்தகம், இதழ் என்று மட்டும் நிற்காமல், துண்டு நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட அவர் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அட்டையைத் தனியே வெட்டிச் சட்டம் போடாதீர்கள். விளம்பரமும் விலையும் தேதியும் சேர்ந்ததுதான் இதழ். துருப்பிடித்த பின்னை மெல்ல எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் துரு தாளை அரித்துவிடும். கிழிசலில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாக ஊறிவிடும். இதழ்களைப் படுக்கவைத்து அடுக்குங்கள்.

பரணில் பழைய பைண்டு ஏதாவது பிரிந்து கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் முதுகைப் பாருங்கள். விளக்கை ஏந்திய அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.