கூட்டாளிக்கு புக் குடுக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

[திரையில்: மேசை மேல ஒரு தடியான நாவல், உள்ள இருந்து ஒரு தாள் நீட்டிக்கிட்டு இருக்கு]

வணக்கம் மக்களே. இந்தத் தாள் என்னன்னு தெரியுதா? பார்க்கிங் சமன், அதான் வண்டிய தப்பா நிறுத்துனதுக்கு வர்ற அபராதச் சீட்டு. என் கூட்டாளிக்கு ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி'ய குடுத்தேன், மூணு மாசம் கழிச்சு திருப்பிக் குடுத்தான், உள்ள பாத்தா 27ஆம் பக்கத்துல அவன் சமன் செருகிக் கெடக்கு. சமனும் கட்டல, புக்கும் படிக்கல.

தப்பு அவன் மேல இல்லலா, என் மேலதான். அவன் பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், ஸ்கூல் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம்.முக்கு தமிழ் எடுத்ததோட சரி, அதுக்கப்புறம் தமிழ்ல படிச்சது வாட்ஸ்அப் மட்டுந்தான். "நல்லதா ஒரு தமிழ் புக் சொல்லுடா"ன்னு கேட்டவனுக்கு நான் எனக்குப் புடிச்சத குடுத்துட்டேன், அவனுக்கு எது ஓடும்னு யோசிக்கவே இல்ல.

அந்த நாவல் லேசுப்பட்டது கிடையாது. இந்தோனேசியாவுல இருக்குற மேடான்ல ஜப்பான்காரன் வந்து எறங்குற நேரத்துல ஆரம்பிக்குது, முதல் அத்தியாயத்துக்குப் பேரே 'கெர்க் ஸ்ட்ராட்', டச்சுக்காரன் வச்ச தெருப் பேரு. மலாய் வரும், பழைய இலக்கியத் தமிழ் வரும், கதாநாயகன் பாண்டியன் மனசுக்குள்ள பேச ஆரம்பிச்சான்னா நிறுத்தாம போவான். குடிச்சுட்டு உக்காந்து தமிழன் பெருமைய கிண்டல் பண்ற எடமெல்லாம் எனக்கு உசுரு. ஆனா ராத்திரி பூரா மெஷின் முன்னாடி நின்னுட்டு வர்றவன் கண்ணுக்கு அது எப்படி ஏறும்?

[திரையில்: லிட்டில் இந்தியா, பினாங்கு ஸ்ட்ரீட் பழைய கடை வீடுங்க]

ரெண்டாவது தடவ புத்தியா செஞ்சேன். சிங்காரம் எழுதுனதே ரெண்டு நாவல்தான். முதல்ல எழுதுன 'கடலுக்கு அப்பால்' 1959ல வந்துச்சு, 'புயலிலே' வர 1972 ஆயிடுச்சு. இந்த முதல் நாவல் நம்ம பினாங்குல நடக்குது! பூஜை சாமான் வாங்க, வாழை இலை சாப்பாடு சாப்பிட நாம சுத்துற இதே ஏரியாலதான் அந்தக் காலத்துல வட்டிக்கடைங்க இருந்துச்சு. கிட்டங்கின்னு சொல்லுவாங்க, நீளமா ஒரே கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, தரையில உக்காந்து கணக்கு எழுதணும், பல பேருக்கு ராத்திரி படுக்கையும் அங்கயேதான். பெட்டியடிப் பையனா சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளா வரணும். ஊருக்குப் போகணும்னா கணக்கு முடியணும், அதுக்கு மூணு வருஷம் ஆகும். சிங்காரமே சின்ன வயசுல மேடான்ல இந்த மாதிரி கடையில வேலை பாத்தவரு, அதனால அந்தக் கடை வாசம் அப்படியே எழுத்துல வரும்.

கதை சிம்பிள். செல்லையா வட்டிக்கடை ஆளு, நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம் ஐ.என்.ஏ.ல சேர்ந்து யுத்தத்துக்குப் போயிட்டு திரும்பி வர்றான். முதலாளி மக மரகதம் மேல அவனுக்கு ஆசை, அவளுக்கும்தான். ஆனா துப்பாக்கி புடிச்ச கை மறுபடி பேரேடு எழுதுமான்னு முதலாளிக்கு சந்தேகம். மீதிய நான் சொல்ல மாட்டேன்.

கூட்டாளி ஒரே வாரத்துல முடிச்சுட்டான். முடிச்சுட்டு சனிக்கிழமை மாமாக் கடையில, அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, தே தாரிக் டீ ஆறிப் போற வரைக்கும் பேசுனான். "டேய், எங்க தாத்தா அந்த சமயத்துல சயாமுக்குப் போனவருடா, பாட்டி அதப் பத்தி வாயே தொறக்காது"ன்னான். அப்பதான் ஆர். சண்முகத்தோட 'சயாம் மரண ரயில்' எடுத்துக் குடுத்தேன், நம்ம மலேசிய எழுத்தாளர்தான். ஜப்பான்காரன் சயாமுக்கும், அதான் இப்ப தாய்லாந்து, பர்மாவுக்கும் நடுவுல போட்டானே 415 கிலோமீட்டர் தண்டவாளம், தோட்டத்துத் தமிழங்க ஆயிரக்கணக்குல மடிஞ்ச எடம், அந்தக் கதை. நானா நீட்டியிருந்தா அதுவும் அலமாரிலதான் தூங்கியிருக்கும்.

இன்னொரு தடவ நான் சொதப்புனதையும் சொல்லிடறேன். பினாங்கு யூ.எஸ்.எம். யூனிவர்சிட்டில பேராசிரியரா இருந்தாரே ரெ. கார்த்திகேசு, அவரோட 'அந்திம காலம்' அருமையான நாவல், புற்றுநோய் வந்த ஒரு பெரியவர் கதை. அத ஒரு அக்காகிட்ட குடுத்தேன், அவங்க அம்மா அப்ப ஆஸ்பத்திரில இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க ஒண்ணும் சொல்லல, ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு என் வீட்டு கேட்டுல மாட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பல்லாம் குடுக்குறதுக்கு முன்னாடி "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா"ன்னு கேட்டுட்டுதான் குடுக்குறேன்.

[திரையில்: மறுபடி அதே நாவல்]

சிங்காரத்தோட ரெண்டு நாவலையும் ஒரே புக்கா போட்ட பதிப்பும் இருக்கு. அது கெடச்சா முதல் பக்கத்துல ஆரம்பிக்கணும்னு சட்டம் இல்ல, 'கடலுக்கு அப்பால்' எங்க தொடங்குதுன்னு பாத்து நேரா அங்க போங்க. கூட்டாளி இப்ப 'புயலிலே'ய மறுபடி கேட்டிருக்கான், நாளைக்கு கொண்டு போறேன், சமன எடுக்காம அப்படியே.